அடி கூரான சிலுவை

செலஸ்ரீனாவின் தையல் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரர்களின் பெட்டிகளைத் தாண்டி, துறைமுகம் பார்த்த பக்கமாகத் திரும்பினால், ஒரு மெஷினும் ஒரு மேசையும் இரண்டு ஆட்களும் மட்டும் கொள்ளும் அறை ஒன்று இருக்கிறது. ஜிப் மாற்றித் தரப்படும், காற்சட்டை கட்டையாக்கித் தரப்படும் என்று இத்தாலிய மொழியில் எழுதிய கடதாசி கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும். சந்தைக்கு வரும் பெண்கள் அதற்காகத்தான் வருவார்கள். கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, கோட் சூட்டோடு வியர்த்து வழிந்து வந்து சேரும் வேறு வகை ஆட்களும் உண்டு. அவர்கள் வருவது சிலுவைகளுக்காக.

மன்னார் பேசாலையில் பிறந்தவள் அவள். இருபத்துமூன்று வயதில் யோசேப்பைக் கட்டிக்கொண்டு பலெர்மோவுக்கு வந்தாள். பதினொரு வருடம் பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்தாள். அந்த வீடுகளில் ஒன்றின் எசமான் ஏதோ ஒரு வீரர் சபையைச் சேர்ந்தவர். அவருடைய கறுப்பு மேலங்கியிலிருந்த வெள்ளைச் சிலுவையைப் பூச்சி அரித்துவிட்டது. செலஸ்ரீனா அதைப் பிரித்தெடுத்து, கடதாசியில் படி எடுத்து, புதுத் துணியில் வெட்டித் தைத்துக் கொடுத்தாள். எட்டு முனைச் சிலுவை அது. நான்கு கைகளும் நடுவில் ஒடுங்கி வெளியே போகப் போக விரியும்; ஒவ்வொரு கையின் முடிவும் பறவை வால்போல இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவின் உள்மூலையில் துணி நூல்விடாமல் மடிக்க நல்ல கை வேண்டும். எசமான் தம் நண்பர்களிடம் சொன்னார். நண்பர்கள் தத்தம் மேலங்கிகளைக் கொண்டுவந்தார்கள். அப்படித்தான் கடை வந்தது.

பிரித்துப் பிரித்தே அவள் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். சிலுவையின் நடு எல்லோருக்கும் ஒன்றுதான், முனைதான் ஆளுக்கு ஆள் மாறும் என்பது விளங்கியது. முனையில் குறுக்குக் கட்டை வைத்த பெரிய சிலுவையும் அதைச் சுற்றி நான்கு சின்னச் சிலுவைகளும் என்றால் எருசலேம்காரர். முனையில் லில்லிப் பூ விரிந்தால் வேறொரு கூட்டம். மேல் கையே இல்லாமல் 'T' மாதிரி நின்றால் அந்தோனியார். பெருக்கல் குறி மாதிரிச் சாய்ந்தால் அந்திரேயர். ஒருமுறை, அழகாக இருக்கட்டும் என்று வெள்ளைத் துணியில் பொன் நூலால் தைத்துக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். "வெள்ளை என்றால் வெள்ளி. பொன்னும் வெள்ளியும் உலோகம். உலோகத்தின் மேல் உலோகம் வைப்பதில்லை, அந்த உரிமை எருசலேமுக்கு மட்டும்தான்!" என்று பெரியவர் ஒருவர் கத்திவிட்டுப் போனார். முழுவதையும் பிரித்து, சிவப்பில் தைக்க இரண்டு பகல் பிடித்தது. அதை அவள் மறக்கவேயில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெப்ரவரி மாதத்தில், லிப்ரிஸ்ஸி என்பவர் கடைக்கு வந்தார். அன்று ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரொக்கோக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சந்தையின் படங்குகள் படபடவென்று அடித்தன. அவருக்கு அறுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, நன்றாக மினுக்கிய சப்பாத்து. மேசையில் கிடந்த காற்சட்டைகளை விரல் நுனியால் ஒதுக்கிவிட்டு ஒரு தாளை விரித்தார். பதினாறு கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை.

"இவற்றில் எத்தனை உங்களுக்குத் தைக்கத் தெரியும், சிஞ்ஞோரா?"

"எல்லாம் தெரியும்."

அவர் நான்கைத் தொட்டுக் காட்டினார். முதலாவது வெறும் நேர்ச் சிலுவை. இரண்டாவது கைகள் வெளிநோக்கி விரிந்தது, பத்தென்தே. மூன்றாவது ஒவ்வொரு முனையும் நங்கூரம்போல இரண்டாகச் சுருண்டது. நான்காவது மேலே மற்றவை போலத்தான். ஆனால் கீழ்க்கை மட்டும் நீண்டு ஒடுங்கி ஈட்டிபோல முடிந்தது. பியேதே அகுட்ஸோ, கூரான அடி என்றார்.

"எங்கள் சபையில் நான்கு படிகள். படிக்கு ஒரு சிலுவை. வெள்ளை மேலங்கியில் பொன் சிலுவை வேண்டும்."

"வெள்ளையில் பொன் வைப்பதில்லையே," என்றாள் செலஸ்ரீனா.

லிப்ரிஸ்ஸி தாளை நாலாக மடித்தார். "யார் சொல்லித்தந்தது உங்களுக்கு?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்கிடையில், "எங்கள் சபை எருசலேமை விடப் பழையது," என்றார். பிறகு, கதவடியில் நின்றபடி, "உங்கள் கணவர் பொலித்தேயாமா பக்கம் போர்த்தியேரேயாக இருக்கிறார், அப்படித்தானே?" என்றும் கேட்டார். ஓம் என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் என்பது அவர் போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் தோன்றியது.

யோசேப்புக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. போர்த்தியேரே என்றால் வாசல்காவலர்; ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றின் வாசலில், கண்ணாடி அடைத்த சின்ன அறையில் பதினெட்டு வருடம் இருந்தவர். தபால் பிரிப்பார், படிக்கட்டுத் துடைப்பார், லிஃப்ற் நின்றால் ஆளைக் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை; அதில் பதினான்கு கொக்கிகளில் பதினான்கு வீடுகளின் சாவிகள். கட்டிடத்து ஆட்கள் அவரைப் பெயர் சொல்லாமல், நாடியை உயர்த்திக் கூப்பிடுவார்கள். அது உறைத்ததை அவர் வெளியில் காட்டியதில்லை. மகள் லக்ஷனா பொலோஞ்ஞாவில் படிக்கப் போனபோது, விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நிரப்பாமல் விட்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முதல் வாரம் லிப்ரிஸ்ஸி அந்தக் கண்ணாடி அறைக்கே போய் அவரை அழைத்தார். குஸ்தோதி, அதாவது காவலர் என்பது சபையின் பெயர். கால்சாவில், பூசை நின்றுபோய் வாடகைக்கு விடும் பழைய சிற்றாலயம் ஒன்றில் கூடுவார்கள். யோசேப் போய்விட்டு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"என்னை கவலியேரே ஜுசெப்பே, வீரர் யோசேப் எண்டு கூப்பிட்டவை. எழும்பி நிண்டு கை தந்தவை, செலஸ்ரீனா. லோயர்மார், டொக்டர்மார்."

"அவை உண்மையிலை லோயர்மாரோ?"

"நீர் எதையும் சந்தேகப்படுவீர்."

ஜூன் மாதம் இரண்டாம் படி. "பத்தென்தேயாம். பத்தென்தே எண்டால் லைசன்ஸ் எல்லோ? நாற்பது வயசிலை எடுக்கேலாத லைசன்ஸ் இப்ப கிடைச்சிட்டுது," என்று யோசேப் வாய்விட்டுச் சிரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவரை அப்படிச் சிரிக்கக் கண்டதால் அவளும் சிரித்தாள். செப்டெம்பரில் நங்கூரச் சிலுவை. அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சுக் குறைந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "அது சபை விசயம், கதைக்கக் கூடாது," என்பார். குடியுரிமை விண்ணப்பம் மூன்று வருடமாகக் கிடக்கிறது, கவலியேரே லிப்ரிஸ்ஸிக்கு ஆட்களைத் தெரியும் என்று ஒருநாள் சொன்னார். எந்த ஆட்களை என்று சொல்லவில்லை.

மேலங்கிகள் சபையின் உடைமை. கூட்டத்தில் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே யோசேப் போடும் மேலங்கியை அவள் கண்டதில்லை; முதல் மூன்று சிலுவைகளையும் வேறு யாரோதான் தைத்திருந்தார்கள். ஒக்ரோபர் நடுப்பகுதியில் லிப்ரிஸ்ஸியே அதை ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நங்கூரச் சிலுவையை எடுத்துவிட்டு, கூரான அடிச் சிலுவையை வைக்க வேண்டும். யோசேப் உயரமானவர், கீழ் மடிப்பை அவிழ்த்து நீட்ட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு நான்காம் படி.

அவர் போனதும் செலஸ்ரீனா பிரிக்கத் தொடங்கினாள். நங்கூரம் கழன்று வந்தது. அடியில் ஊசித் துளைகள் இருந்தன. அது வழமைதான், முதல் இரண்டு படிகளின் துளைகள் இருக்கத்தானே வேண்டும். நேர்ச் சிலுவையின் வரிசை, விரிந்த சிலுவையின் வரிசை, நங்கூரத்தின் வளைவுகள். மேலங்கியைச் சன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். நங்கூரத்தின் கீழ் முனைக்கும் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு வரிசைத் துளைகள் ஒடுங்கிப் போய் ஒரு புள்ளியில் சந்தித்தன.

கூரான அடி. அது இன்னும் தைக்கப்படவில்லை. ஆனால் இந்தத் துணியில் ஏற்கனவே ஒருமுறை தைக்கப்பட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

அவள் கதிரையில் இருந்து யோசித்தாள். யோசேப்புக்கு முன் இந்த மேலங்கியைப் போட்ட யாரோ ஒருவர் நான்காம் படிவரை போயிருக்கிறார். பிறகு அவருடைய சிலுவையைப் பிரித்துவிட்டு, துணியை மறுபடி முதலாம் படியிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். உயர்ந்த படிக்குப் போன மனிதனிடம் ஏன் மேலங்கியைப் பறித்தார்கள்? அந்த மனிதன் எங்கே?

கீழ் மடிப்பை அவிழ்த்தபோது, உள்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவில் சலவைக்கடைக்காரர் குத்தும் துணித்துண்டு ஒன்று மாட்டிக்கொண்டு கிடந்தது. அழியாத மையில் குமாரென் என்ற பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும். அவள் கடைக்கதவை உள்ளே பூட்டினாள். பழுப்புக் கடதாசியை விரித்து, மேலங்கியை அதன்மேல் பரப்பி, ஒவ்வொரு துளையூடாகவும் ஊசியைக் குத்திப் படி எடுத்தாள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்தாள். ஏன் செய்கிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. படி எடுக்காமல் எந்தச் சிலுவையையும் விட்டதில்லை, அவ்வளவுதான். பிறகு அந்த இலக்கத்துக்கு எடுத்தாள்.

ஒரு பெண் பேசினாள். குமாரென் இருக்கிறாரா என்று செலஸ்ரீனா கேட்டாள். "நீங்களும் அவர்களின் ஆளா?" என்று கேட்டது அந்தக் குரல். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மூன்று தரம் முயன்ற பிறகுதான் அந்தப் பெண் வீட்டு முகவரியைச் சொன்னாள். அந்தப் பெண் வீட்டு வேலைக்காரி; வியாழன் பின்னேரம் அவளுக்கு ஓய்வு. செலஸ்ரீனா பஸ் எடுத்து ஒரேத்தோவுக்குப் போனாள். தேவிஷா, குமாரெனின் மனைவி, நாற்பது வயதுக்காரி, மொரீசியஸிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் அவளுக்குத் தெரியும். இருவரும் இத்தாலிய மொழியில் பேசினார்கள். முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நாங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று என் கணவர் அவர்களிடம் சொன்னார்," என்றாள் தேவிஷா. "இது மதம் இல்லை, சின்னம்தான் என்றார்கள். நான்கு படியும் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு சாவி கேட்டார்கள்."

குமாரெனும் போர்த்தியேரேதான். ஐந்தாம் மாடியில் தனியே இருந்த கிழவர் ஒருவரின் வீட்டில், பழைய குடும்பச் சின்னம் செதுக்கிய மரப்பலகை ஒன்று இருக்கிறது, சபையின் ஆவணத்துக்காக அதைப் படம் எடுக்க வேண்டும், அரை மணித்தியாலம் போதும் என்றார்கள். கிழவர் மருத்துவரிடம் போகிற நாளைக் குமாரெனே சொல்லிக்கொடுத்தான். அன்று கிழவர் போகவில்லை. காய்ச்சலாகப் படுத்திருந்தார். வீட்டிலிருந்த வெள்ளியும் ஓவியங்களும் போய்விட்டன. கிழவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து செத்துப்போனார்.

"சாவி இவரிடம்தான் இருந்தது. இவரைத்தான் பிடித்தார்கள். பதினொரு வருடச் சிறை. கவலியேரேகளைப் பற்றிச் சொன்னார். பொலிஸ் போய்ப் பார்த்தால் வாடகைக்கு எடுத்த மண்டபம், வெறும் கதிரைகள். அப்படி ஒரு சபையே இல்லை என்றார்கள். நான்காம் படிக்குப் பிறகு மேலங்கியைச் சலவை செய்து தரச் சொன்னார்கள்; கொடுத்து எடுத்து வந்தது நான். பிடிபட்ட அன்று காலையே யாரோ வந்து அதை வாங்கிப் போய்விட்டார். மிகவும் மரியாதையான மனிதர். சப்பாத்துப் பளபளவென்று இருந்தது."

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். லிப்ரிஸ்ஸி தன் கடைக்குத் தையலுக்காக வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் தேடி வந்தது கண்ணாடி அறையையும் பதினான்கு கொக்கிகளையும்.

யோசேப் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார்.

"மொரீசியஸ்காரன் களவெடுத்திட்டு ஆரையோ சாட்டுறான். அதுக்கு நான் என்ன செய்ய?"

"உங்களிட்டைச் சாவி கேட்டவையோ?"

"கேட்டால் குடுக்கமாட்டன்."

"நான் அதைக் கேக்கேல்லை. கேட்டவையோ எண்டு கேக்கிறன்."

யோசேப் தண்ணீர்க் கிளாசை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "இரண்டாம் மாடிக் கிழவி, அந்தப் புரொஃபெஸொரெஸ்ஸா, இறந்தோர் நாளிலை கல்லறைக்குப் போனால் பின்னேரம்தான் வருவா. மத்தியானம் அவவின்ரை வீட்டை ஒருக்கால் பாத்திட்டுப் போறம் எண்டவை. நான் ஓம் எண்டு சொல்லேல்லை."

"இல்லை எண்டும் சொல்லேல்லை."

"என்னை மனிசனா மதிச்சவை அவை மட்டும்தான்!" என்று அவர் கத்தினார். சுவருக்கு அப்பால் அயல்வீட்டு ரீவியின் சத்தம் குறைந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்தை ஓய்ந்து கடைக்காரர் தரையைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், லிப்ரிஸ்ஸி வந்தார். மேலங்கி முடிந்திருந்தது. கீழ் மடிப்பை நீட்டி, உள்துணியைப் பழையபடி கையால் தைத்திருந்தாள். அவர் சிலுவையைப் பார்க்கவில்லை. துணியைப் புரட்டி, உள்ளோரத்தின் மேல் பெருவிரலை வைத்து, தையலோடு தையலாக மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். முழுச் சுற்றும் போனார். தண்ணீர் வாளிகளின் சத்தம் மட்டும் வெளியிலிருந்து கேட்டது.

"நல்ல கை உங்களுக்கு. நாலு விரல் நீட்டச் சொன்னேன். நீங்கள் உள்துணி முழுவதையும் திறந்திருக்கிறீர்கள்."

"சுருக்கம் விழாமல் இருக்க," என்றாள் செலஸ்ரீனா.

"உள்ளே ஏதாவது கிடந்ததா?"

"பஞ்சுதான்."

அவர் துணியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு மேலங்கியைத் திருப்பி, கூரான அடியைச் சுண்டுவிரலால் தொட்டார். "இது ஏன் கூராக இருக்கிறது தெரியுமா? பழைய காலத்து வீரர்கள் போகும் இடங்களில் சிலுவையைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டுத்தான் செபிப்பார்கள். குத்திய இடம் அவர்களுடையது. அதற்குப் பிறகு யாரும் பிடுங்கக் கூடாது." பையில் அதை மடித்து வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவின் பூட்டைப் பார்த்தார். "இதை மாற்றுங்கள், சிஞ்ஞோரா. ஒரு பிள்ளை கூடத் திறந்துவிடும்."

ஞாயிற்றுக்கிழமை யோசேப் கால்சாவுக்குப் போய் நான்காம் படியை வாங்கிக்கொண்டு வந்தார். முகத்தில் சந்தோசம் இல்லை. திங்கள் முதல் புதன்வரை தபாலை மாறிப் போட்டார். வாசலைத் துடைத்த தண்ணீரை மறந்து அப்படியே விட்டார்.

நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தோர் நாளன்று, காலை எட்டு மணிக்குச் செலஸ்ரீனா கடையைத் திறக்காமல் கட்டிடத்துக்குப் போனாள். தெருவெல்லாம் செவ்வந்திப் பூ விற்றார்கள். யோசேப் பின்முற்றத்தில் குப்பை வாளிகளை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவள் நேரே இரண்டாம் மாடிக்கு ஏறி மணியடித்தாள். புரொஃபெஸொரெஸ்ஸா கம்மராத்தா ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபத்தெட்டு வயதுக்காரி, கல்லறைக்குப் போகக் கறுப்புக் கோட்டோடு தயாராக நின்றாள். செலஸ்ரீனா கதவடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துணித்துண்டைக் காட்டினாள். பழுப்புக் கடதாசியை விரித்துக் காட்டினாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் புருசனின் வேலையைத் தானே பறித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு விளங்கியது. நிறுத்தவில்லை.

கிழவி இடையில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மட்டும், "நீங்கள் இங்கே வந்தது உங்கள் கணவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"கீழே போய் என் சாவியை எடுத்து வாருங்கள்."

யோசேப் இன்னும் பின்முற்றத்தில்தான் நின்றார். செலஸ்ரீனா கிழவியின் பெயர் எழுதிய ஐந்தாம் கொக்கியிலிருந்து சாவியைக் கழற்றி மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கராபினியேரிப் பொலிஸில் வேலை செய்யும் தன் மருமகனுக்குத் தொலைபேசி எடுக்க உள்ளே போனாள். செலஸ்ரீனா கீழே இறங்கி, கண்ணாடி அறையின் மூலையிலிருந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"கடை திறக்கேல்லையோ?" என்று கேட்டார் யோசேப்.

"இல்லை. உங்களோடை சேந்து சாப்பிடுவம் எண்டு வந்தனான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பத்து மணி, பதினொரு மணி. மருமகன் வரவில்லை, மெசினாப் பக்கம் வேலையாக நிற்கிறார், வேறு ஆட்களை அனுப்புகிறார் என்று கிழவிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்களாம், அது அப்போது செலஸ்ரீனாவுக்குத் தெரியாது. பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடத்தில் வெள்ளை வான் ஒன்று வாசலில் ஏறி நின்றது. நீல மேலாடை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் மடித்த கம்பளிகள் இருந்தன, பெரிய சாமான் சுற்றுகிற கம்பளிகள். மற்றவன் கண்ணாடியில் தட்டி, "கவலியேரே ஜுசெப்பே?" என்றான். "கவலியேரே லிப்ரிஸ்ஸி அனுப்பினார்."

யோசேப் எழுந்தார். திரும்பினார். அவருடைய வலது கை உயர்ந்து ஐந்தாம் கொக்கிக்குப் போனது.

கை வெறும் கொக்கியைத் தொட்டது.

அப்படியே நின்றார். பிறகு தலையை மட்டும் திருப்பி மூலையிலிருந்த மனைவியைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, பயம் என்றும் சொல்ல முடியாது. நித்திரையில் நடந்தவனை யாரோ தொட்டு எழுப்பினதுபோல ஒரு பார்வை.

"சாவி இல்லை," என்றார் இத்தாலிய மொழியில்.

"எங்கே?"

"புரொஃபெஸொரெஸ்ஸா கொண்டுபோய்விட்டார்."

கம்பளிக்காரன் ஓர் அடி உள்ளே வைத்தான். அந்த நேரம் படிக்கட்டில் கைத்தடிச் சத்தம் கேட்டது. "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கறுப்புக் கோட்டோடு மேலிருந்து கேட்டாள் கிழவி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓடவில்லை, மெதுவாக நடந்து போய் வானில் ஏறினார்கள். செலஸ்ரீனா சட்டைப் பையிலிருந்த தையல் சோக்குக்கட்டியை எடுத்து, வானின் இலக்கத்தைத் தன் பாவாடையிலேயே எழுதினாள். கராபினியேரி வந்தபோது வான் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் அவள் கேட்டாள்: "குடுக்கத்தான் போனீங்களோ?"

யோசேப் தன் கையைப் புரட்டிப் பார்த்தார். "தெரியேல்லை," என்றார். "சத்தியமாத் தெரியேல்லை. கை தன்பாட்டிலை போனது."

அடுத்த மாதம் கட்டிடத்துக்காரர் கூடிப் பேசி யோசேப்பை நிறுத்தினார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. புரொஃபெஸொரெஸ்ஸா மட்டும் எதிர்த்துக் கை உயர்த்தினாளாம். ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்தார். அந்த ஐந்து மாதமும் செலஸ்ரீனாவோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. பிறகு மொந்தெல்லோவில் ஒரு ஹொட்டேல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்தது.

வானின் இலக்கம் வேறொரு ஊரிலிருந்த கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒன்பது வெள்ளை மேலங்கிகள் தொங்கின. ஒன்றின் துளைகள் செலஸ்ரீனாவின் பழுப்புக் கடதாசியோடு ஊசிக்கு ஊசி பொருந்தின. நீல மேலாடைக்காரர் இருவரும் பிடிபட்டார்கள். லிப்ரிஸ்ஸி என்பது அந்த மனிதரின் பெயரே இல்லை என்று தெரியவந்தது. உண்மைப் பெயரும் தெரியவந்தது. ஆளைக் காணவில்லை.

குமாரெனின் மேல்முறையீட்டு வழக்கில் அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பு, காலையில் கடையைத் திறக்கப் போனபோது, கதவின் மரச்சட்டத்தில் பொன்துணியில் வெட்டிய சிலுவை ஒன்று ஆணியடித்துக் கிடந்தது. நல்ல வெட்டு. கூரான அடி வாசற்படியைக் காட்டிக்கொண்டு நின்றது. மீன்காரர் யாரும் யாரையும் காணவில்லை. அவள் அதைக் கையால் தொடாமல், கத்தரிக்கோல் நுனியால் ஆணியை நெம்பி எடுத்து, ஒரு பையில் போட்டு கராபினியேரியிடம் கொடுத்தாள். லக்ஷனா பொலோஞ்ஞாவிலிருந்து தொலைபேசியில் அழுதாள். "அம்மா, இஞ்சை வாங்கோ. கடையை மூடிப்போட்டு வாங்கோ, தி ப்ரேகோ, கெஞ்சிக் கேக்கிறன், அம்மா."

"நான் போகாட்டி தேவிஷாவின்ரை மனிசன் பதினொரு வருசமும் உள்ளை கிடப்பான், பிள்ளை," என்றாள் செலஸ்ரீனா.

நீதிமன்றத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்றாள். எந்தத் துளை எந்தச் சிலுவைக்குரியது, எது முதல் தைத்தது, எது பிறகு, எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்கக் கேட்கச் சொன்னாள். கூட்டத்தில் பின்வரிசையில் அறியாத முகங்கள் சில இருந்தன. அவர்களில் லிப்ரிஸ்ஸியின் ஆட்கள் யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குப் பிறகு யாரும் கூப்பிடாமலே யோசேப் எழுந்து, தன்னிடமும் சாவி கேட்டார்கள் என்று சொன்னார். குமாரெனின் தண்டனை நான்கு வருடமாகக் குறைந்தது. ஒன்றரை வருடம் ஏற்கனவே இருந்துவிட்டான். தேவிஷா ஒரு டப்பா நிறையப் பொரித்த பலகாரம் கொண்டுவந்து, மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

செலஸ்ரீனா இப்போது பங்குக் கோயில் சகோதரர் சபைக்கு மட்டும்தான் மேலங்கி தைக்கிறாள். அறிமுகமில்லாத ஆட்கள் தாளை விரித்தால், நேரமில்லை என்று சொல்லிவிடுகிறாள். மெஷினைத் திருப்பி, தெருவைப் பார்த்தபடி போட்டிருக்கிறாள். யாராவது கண்ணாடிக்கு வெளியே சற்று நேரம் நின்றால் அவளுடைய கால் மிதியை விட்டுவிடும். பின்னேரம் ஆறு மணிக்கு யோசேப் மொந்தெல்லோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கடை வாசலில் நிற்பார். கிட்டத்தில் ஒரு குறுக்கு ஒழுங்கை இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் வீடு. இருவரும் அதால் போவதில்லை. பெரிய தெருவால், சனத்துக்குள்ளே, சுற்றித்தான் போகிறார்கள்.